விருந்தாளிக் கோப்பை

அந்த ஆற்றுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. மழை பெய்தால் கொஞ்சம் பெருக்கும், வெயில் அடித்தால் கொஞ்சம் இளைக்கும், மற்றபடி தன் பாட்டுக்கு ஓடும். இந்தக் கரை ஒரு மாகாணம், அந்தக் கரை வேறொரு மாகாணம் என்று பிரித்து, நோய்க்கும் வேலி போட்டது மனிதர்கள் செய்த வேலை. இந்தக் கரையில் இருப்பவருக்குக் கண்புரை வந்தால், அரசாங்கச் செலவில் ஒரு கண்ணுக்குத்தான் ஆபரேஷன். ஒரு கண் நன்றாகத் தெரிந்துவிட்டால் இன்னொன்று எதற்கு என்பது இந்தக் கரைச் சுகாதாரத் துறையின் கட்சி. அந்தக் கரையிலோ இரண்டு கண்ணுக்கும் செய்துவிடுவார்கள். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள்.

இந்த அநியாயம் டிரைவரம்மாவின் தலையில் வந்து விழுந்தது. இந்தக் கரை பணிமனையிலிருந்து பாலம் தாண்டி அந்தக் கரை ஆஸ்பத்திரி வரை போகும் பஸ்ஸை ஓட்டுகிறவள் அவள். பெற்ற மகளே கோபம் வந்தால் அவளை 'டிரைவரம்மா' என்றுதான் கூப்பிடுவாள். கொஞ்ச நாளாகவே எதிரே வரும் வண்டிகளின் விளக்குகள் அவள் கண்ணுக்குப் பூப்பூவாகச் சிதறின. கண்ணாடியைத் துடைத்தாள், கண்ணைத் துடைத்தாள், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் அந்தி நேரத்தில் நிறுத்தத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்து, "சீக்கிரம் ஏறுங்க" என்று மரியாதையாகச் சொல்லிக் காத்திருந்தாள். அங்கே நின்றது விளக்குக் கம்பம். பஸ்ஸே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அன்று வண்டியைப் பணிமனையில் விட்டதும் நேராக மேலாளர் அறைக்குப் போய், எனக்குக் கண் சரியில்லை, நாளைக்கு எனக்கு வண்டி கொடுக்காதீர்கள் என்று பூசி மெழுகாமல் சொல்லிவிட்டாள்.

மேலாளர் அவள் நேர்மையைப் பாராட்டினார். பாராட்டிவிட்டுத் தொலைந்த பொருள் அறைக்கு அனுப்பினார். பஸ்ஸில் பயணிகள் மறந்துவிட்டுப் போகும் குடைகளையும் ஒற்றைக் கையுறைகளையும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை. வருஷ முடிவுக்குள் இரண்டு கண்ணும் தேறினால் ஸ்டியரிங்கைத் திரும்பத் தொடலாம். தேறாவிட்டால் ஓய்வு பெறும் வரை குடைகளோடுதான் குடித்தனம். ஒற்றைக் கண்ணோடு பஸ் ஓட்டப் போக்குவரத்துத் துறை ஒப்புக்கொள்ளாது. அதில் அவளுக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

கண் டாக்டர் சின்ன வயதுப் பெண், நல்ல மாதிரி. இரண்டு கண்ணிலும் புரை, எடுத்துவிட்டால் கண்ணாடிபோலத் தெரியும் என்று சொன்னாள். அடுத்த மூச்சிலேயே, ஆனால் இங்கே ஒரு கண்தான் என்றாள்.

டிரைவரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பஸ்ஸுல ரெண்டு பக்கமும் கண்ணாடி இருக்கு டாக்டர். எந்தப் பக்கம் பாக்க வேணாம்னு சொல்றீங்க?"

டாக்டருக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. வாரத்தில் பாதி நாள் அவளே பாலம் தாண்டிப் போய், அந்தக் கரை ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் செய்கிறாளாம். அதே கை, அதே கத்தி. நோயாளி எந்தக் கரை என்பதுதான் வித்தியாசம். அந்தக் கரையில் நிஜமாகவே குடியிருந்தால் எனக்கொன்றும் தடையில்லை, ஆனால் ஆய்வாளர் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்ப்பார், ஏமாற்ற முடியாது என்றும் சொல்லி அனுப்பினாள். தன் கையிலிருந்து செலவழித்துச் செய்துகொள்வது டிரைவரம்மாவால் ஆகிற காரியம் இல்லை. அதை அவள் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.

அவளோடு பல வருஷம் ஓடிய கண்டக்டர்தான் வழி சொன்னான். பாலம் தாண்டினதும் ரெண்டாவது ஸ்டாப்பில் உங்க பொண்ணு வீடு இருக்கே, அங்கே போய் இருக்கறதுதானே என்றான். சொல்லிவிட்டு, அவள் முகம் போன போக்கைப் பார்த்து, பயணச்சீட்டுக் கட்டை எண்ண ஆரம்பித்துவிட்டான்.

மகள் வீடு என்றால் அது மகளின் மாமியார் வீடு. டிரைவரம்மாவுக்குச் சம்பந்தியம்மா. இரண்டு பேருக்கும் சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. சண்டையாவது இருந்திருக்கலாம். மகளின் கல்யாணத்தன்று மாற்று டிரைவர் வராமல் போனதால், டிரைவரம்மா பயணிகளை நடுவழியில் இறக்கிவிட மனமில்லாமல், வழியிலிருந்த மண்டப வாசலுக்கே பஸ்ஸோடு வந்து சேர்ந்தாள். பாலத்தில் நெரிசல், பஸ்ஸில் இருந்தவர்களும் பசியோடு இருந்தார்கள். இறங்கி வாருங்கள், ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம் என்று எல்லாரையும் கூப்பிட்டுவிட்டாள். விருந்து சம்பந்தியம்மாவின் பொறுப்பு. முன்பின் தெரியாத ஒரு பஸ் ஜனம் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மணமக்களை வாழ்த்திவிட்டுப் போனது. சம்பந்தியம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரித்தாள். அன்று ஆரம்பித்த அந்தச் சிரிப்பு மூன்று வருஷமாக இன்னும் முடிந்தபாடில்லை. எப்போது போனாலும் வாங்க வாங்க, உட்காருங்க உட்காருங்க என்று மரியாதை மேல் மரியாதை. மரியாதையை வைத்தே ஒரு மனுஷியைத் தூரத்தில் நிறுத்த முடியும் என்று டிரைவரம்மா அந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டாள்.

ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. தன் வீட்டைத் தம்பியிடம் ஒப்படைத்து, துணிமணிகளை இரண்டு பைகளில் கட்டிக்கொண்டு பாலம் தாண்டினாள். தான் ஓட்டிய பஸ்ஸிலேயே பயணியாக உட்கார்ந்து போனது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. புது டிரைவர் திருப்பங்களில் பிரேக்கை அழுத்திய அழுத்தலில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சம்பந்தியம்மா வாசலிலேயே காத்திருந்தாள். "உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க சம்பந்தி" என்றாள். அப்படிச் சொல்லப்படும் எந்த வீடும் சொந்த வீடு இல்லை என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

அந்த வீட்டின் முன்னறைதான் சலவைக் கடை. சுவரோரம் இரண்டு துவைக்கும் இயந்திரங்கள், நடுவில் நீளமான இஸ்திரி மேசை, அதன் பின்னால் கூரைவரை எழும்பிய மர அடுக்கு. தேய்த்து மடித்த துணிகள் காகிதப் பொட்டலங்களாக எண் குத்திய சீட்டுகளோடு அதில் இருக்கும். நடைவழி நெடுக மழைக்காலத்துக்காகக் கொடிகள் கட்டியிருந்தன. யாருடைய சட்டைக் கையாவது முகத்தில் தட்டாமல் சமையலறைக்குப் போக முடியாது. வீடு முழுக்க சோப்பும் சூடான துணியும் மணக்கும். சம்பந்தியம்மா விடிவதற்கு முன் எழுந்து இயந்திரத்தை ஓட விட்டால் இருட்டும்வரை அவளுக்கு உட்கார நேரமில்லை. மருமகளும் மகனும் வேலைக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும் கை கொடுப்பார்கள்.

இந்த வீட்டில் டிரைவரம்மாவுக்கு மட்டும் வேலை இல்லை. சம்பந்தியம்மா தன் கட்டிலையே அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் படுத்தாள். தட்டை எடுத்துக் கழுவப் போனால் ஐயோ நீங்களா என்று பிடுங்கிக்கொண்டாள். கண்ணாடி அலமாரியைத் திறந்து, நீலப்பூ போட்ட ஒரு பீங்கான் கோப்பையை எடுத்து, அதில்தான் அவளுக்குத் தினமும் டீ. மற்றவர்கள் ஆளுக்கொரு விளிம்பு நெளிந்த டம்ளரில் குடித்தார்கள். அந்தக் கோப்பைக்கு ஏற்ற தட்டும் உண்டு. தட்டில் வைத்துத்தான் வரும்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பழமொழி. இங்கே மருந்துக்காகவே மாதக் கணக்கில் விருந்து. டிரைவரம்மாவுக்குச் சாப்பாடு உள்ளே இறங்கவில்லை. வேலைக்குப் போகும்போது குடைகளைப் பார்த்தால்கூட மனசு லேசானது. அந்த அறையில் அவள் வைத்ததுதான் சட்டம். குடைகளையெல்லாம் அவை தொலைந்த நிறுத்தத்தின் வரிசைப்படி, பணிமனை முதல் ஆஸ்பத்திரிவரை மாட்டி வைத்திருந்தாள். யாராவது வந்து எந்த ஸ்டாப்பில் இறங்கினேன் என்று சொன்னால் போதும், கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவாள். கண்ணைத் திறந்து வைத்தாலும் அவளுக்கு இப்போது பெரிய லாபம் இல்லை.

ஆய்வாளர் வந்தது ஒரு விடுமுறை நாளில். ஒல்லியான, அடங்கிய குரல்காரர். தோளில் மாட்டிய பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அவர் சட்டைக் காலர் கசங்கியிருந்ததைச் சம்பந்தியம்மா பார்த்துவிட்டாள். ஒரு நிமிஷம் கொடுங்க, தேய்த்துத் தருகிறேன் என்றாள். அவர் பதறி, அதெல்லாம் லஞ்சம் ஆகிவிடும் என்று காலரைக் கையால் பிடித்துக்கொண்டார்.

இவர்தான் ஆய்வாளர் என்று தெரிந்ததும் சம்பந்தியம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. தன் சம்பந்திக்கு இந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. புதுத் துண்டு எடுத்து டிரைவரம்மா உட்காரும் நாற்காலியில் விரித்தாள். முதுகுக்கு ஒரு தலையணை வைத்தாள். பிறகு டீ வந்தது. நீலப்பூக் கோப்பை டிரைவரம்மாவுக்கு, தட்டோடு. ஆய்வாளருக்கு நெளிந்த டம்ளர். வீட்டில் நல்ல கோப்பை அது ஒன்றுதான், வேறென்ன செய்வாள்?

ஆய்வாளர் டம்ளரைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். அம்மா, எனக்குக் கொஞ்சம் தண்ணீர் எடுத்துத் தருகிறீர்களா என்று டிரைவரம்மாவிடமே கேட்டார். டிரைவரம்மா எழுந்து போனாள். சமையலறையில் ஒரு கதவைத் திறந்தாள், பருப்பு டப்பாக்கள். இன்னொன்றைத் திறந்தாள், சோப்புத் தூள். விளக்கு எங்கே போடுவது என்றும் தெரியவில்லை. அதற்குள் சம்பந்தியம்மா ஓடி வந்து, "ஐயோ, நீங்க எதுக்கு சம்பந்தி, உட்காருங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய்த் தலையணையில் சாய்த்துவிட்டாள். மகள் சுவரோரம் நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

ஆய்வாளர் கெட்டவர் இல்லை. எழுந்து போகும்போது வருத்தத்தோடுதான் சொன்னார். "அம்மா, நீங்க இங்க தங்கியிருக்கீங்க. ஆனா குடியிருக்கலை. நீங்க விருந்தாளி." கடைசி முடிவுக்கு முன்னால் இன்னொரு தடவை வருவேன், எப்போது என்று சொல்ல மாட்டேன் என்றார்.

அவர் போனதும் வீட்டில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. சம்பந்தியம்மா அழாத குறை. நல்லது செய்யப் போய்க் கெட்டதாகிவிட்டதே என்று மேசை மேல் கிடந்த ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். டிரைவரம்மாவுக்கு அவளைத் திட்டவும் வாய் வரவில்லை. மூன்று வருஷ மரியாதை நாக்கைக் கட்டிப் போட்டிருந்தது.

மாப்பிள்ளைதான் யோசனை சொன்னான். அவன் வாய் திறப்பதே அபூர்வம். இனிமேல் அத்தையை வீட்டு ஆள்போல நடத்துவோம், அம்மா அத்தையைத் தினம் கொஞ்சம் திட்டட்டும் என்றான். நீலப்பூக் கோப்பையை மகள் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். டிரைவரம்மாவுக்கும் விளிம்பு நெளிந்த டம்ளர் ஒன்று ஒதுக்கப்பட்டது.

திட்டுவதற்கு அன்று இரவே ஒத்திகை நடந்தது. துண்டைக் கட்டில் மேல் ஈரத்தோடு போட்டதற்காகத் திட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. சம்பந்தியம்மா தொண்டையைக் கனைத்து, நிமிர்ந்து நின்று, "சம்பந்தி, தயவுசெஞ்சு தப்பா எடுத்துக்காதீங்க, அந்தத் துண்டை நீங்க அங்க போட்டிருக்க வேணாம்னு நினைக்கிறேன்" என்றாள். சொல்லி முடித்ததும் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். டிரைவரம்மாவும் பரவாயில்லை சம்பந்தி, நன்றாகத்தான் திட்டினீர்கள் என்று சமாதானம் சொன்னாள். மாப்பிள்ளை எழுந்து படுக்கப் போய்விட்டான். இந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்ற முடியாது என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

நாட்கள் போயின. ஆய்வாளர் வரவில்லை. வருஷ முடிவு மட்டும் வந்துகொண்டிருந்தது. பணிமனையில் புது டிரைவருக்கே அந்த வழித்தடத்தைக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று கண்டக்டர் காதைக் கடித்தான். டிரைவரம்மா அன்று குடை மாட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அது ஸ்டியரிங் மாதிரி வளைந்திருக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. வந்ததை யாருக்கும் காட்டாமல் துடைத்துக்கொண்டாள்.

அடுத்து வந்த விடுமுறை நாளில் அவளுக்குச் சீக்கிரமே விழிப்பு வந்துவிட்டது. சம்பந்தியம்மா முந்தின நாள் வேலைக் களைப்பில் அயர்ந்து தூங்கினாள். சும்மா உட்கார்ந்திருக்கிற உடம்பா அது? கடைக்குள் போய் அடுக்கைப் பார்த்தாள். பொட்டலங்கள் எண் வரிசையில் இருந்தன. சீட்டில் இருந்த எண்கள் அவள் கண்ணுக்கு எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தன. ஆனால் பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில் இருந்த பெயர்களைக் கிட்டத்தில் வைத்துப் படித்தால் ஆளைத் தெரிந்தது. ஆளைத் தெரிந்தால் ஏறும் நிறுத்தம் தெரியும். எத்தனை வருஷம் ஏற்றி இறக்கியவர்கள்! சம்பந்தியம்மாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று மொத்த அடுக்கையும் இறக்கி, நிறுத்த வரிசைப்படி, பாலத்திலிருந்து ஆஸ்பத்திரிவரை அழகாக அடுக்கி வைத்தாள். முடித்தபோது மனசு நிறைந்திருந்தது.

கடை திறந்ததும் கூட்டம். விடுமுறை நாள் என்றால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சட்டை வேண்டும். முதலில் வந்தவர் சீட்டை நீட்டினார். சம்பந்தியம்மா பார்க்காமலே கையை உயர்த்தி ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தால், முரட்டு மீசைக்காரர் கையில் குழந்தையின் கவுன். அடுத்தவருக்கு யாருடையதோ திரைச்சீலை. சம்பந்தியம்மா திரும்பி அடுக்கைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். காதுகள் சிவந்தன.

"யாரு இதைக் கலைச்சது?"

"கலைக்கலை சம்பந்தி, அடுக்கினேன்" என்றாள் டிரைவரம்மா, இன்னும் பெருமை அடங்காமல். "ஸ்டாப் வரிசையில இருக்கு. யாரு எங்க ஏறுவாங்களோ அந்த வரிசை."

"என் துணி என்ன பஸ்லயா போகுது?"

அவ்வளவுதான். அணை உடைந்துவிட்டது. என் கை போகிற இடத்தில் என் பொருள் இருக்க வேண்டாமா, இருபது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற அடுக்கு இது என்று சம்பந்தியம்மா ஆரம்பித்தாள். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதானால் எந்த வரிசையாக இருந்தால் என்ன என்று டிரைவரம்மா மடக்கினாள். எரிகிற கொள்ளியில் எண்ணெய். ஈரத்துண்டு வந்தது, வெந்நீர் முழுவதையும் காலி பண்ணுவது வந்தது, கொடியில் கிடந்த வாடிக்கையாளர் துணியைத் தள்ளிவிட்டுச் சீருடையைக் காயப்போட்டது வந்தது, தூக்கத்தில்கூட ஹாரன் அடிப்பதுபோல் குறட்டை விடுவது வந்தது. உங்கள் இயந்திரம் விடிவதற்கு முன் போடுகிற சத்தத்தில் குறட்டை கேட்டதா என்று டிரைவரம்மாவும் விடவில்லை. கடையில் நின்றவர்கள் சீட்டை நீட்டவும் பயந்து வரிசையாக நின்றார்கள். வரிசையின் கடைசியில் புதிதாக ஒருவர் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. வழியில் நிற்காதீர்கள், இதைப் பிடியுங்கள் என்று டிரைவரம்மா ஈரத்துணிக் கூடை ஒன்றைத் தூக்கி அவர் கையில் வைத்தாள். அவரும் பேசாமல் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு மட்டும் என்ன?" சம்பந்தியம்மாவின் குரல் உடைந்தது. "ஒரு பஸ் ஆளைக் கூட்டிட்டு வந்து என் விருந்துல உட்கார வச்சீங்களே. எங்க அண்ணன் பசியோட எழுந்து போனாரு. இன்னிக்கு வரைக்கும் என்கூடப் பேசறதில்லை. தெரியுமா உங்களுக்கு?"

டிரைவரம்மாவுக்கு அது தெரியாது. 

"மூணு வருஷமா மனசுல வச்சுக்கிட்டு என்கிட்ட சிரிச்சீங்களா?" என்றாள். "அன்னிக்கே நல்லாத் திட்டியிருந்தா அன்னிக்கே உங்க அண்ணன் கால்ல விழுந்திருப்பேனே. சிரிச்சு சிரிச்சே என்னை வாசல்லயே நிறுத்திட்டீங்க."

"என் வீட்டுல வந்து என்னையே..."

"உங்க வீடா? நான் தூங்கி எழுந்திருக்கற வீடு. வேலை முடிஞ்சா என் கால் தன்னால திரும்பி வர்ற வீடு. என் பொண்ணு இருக்கற வீடு. இது என் வீடும்தான்! ஒரு டம்ளர் கழுவ விட்டீங்களா இதுவரைக்கும்? கண்ணுதான் மங்கல் சம்பந்தி, கை நல்லாத்தான் இருக்கு."

"அப்போ கழுவுங்க! யாரு வேணாம்னா? இன்னிக்கு மத்தியானப் பாத்திரம் பூரா உங்களோடது. அடுக்கையும் நீங்கதான் பழையபடி வைக்கணும்!"

"வைக்கறேன்!"

"வையுங்க!"

இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் மகள் உள்ளிருந்து வந்தாள். வந்தவள் வரிசையின் கடைசியைப் பார்த்து அப்படியே நின்றாள். ஈரக்கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தோள்பை நனைய, அதே கசங்கிய காலரோடு ஆய்வாளர் நின்றார்.

சம்பந்தியம்மா மேசையைப் பிடித்துக்கொண்டாள். போச்சு, இவளுடைய கண்ணை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ, சட்டென்று டிரைவரம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு, "எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லைங்க, நாலு பாத்திரம் இருந்தா சத்தம் வரத்தான் செய்யும். இவங்களை அனுப்பிடாதீங்க" என்றாள்.

ஆய்வாளர் கூடையை மெதுவாகக் கீழே வைத்தார். "முதல்ல எனக்காக நடிக்கறீங்களோன்னு சந்தேகப்பட்டேன். நடிக்கறவங்க யாரும் பழைய கல்யாணத்தை இழுக்க மாட்டாங்க" என்றார். "விருந்தாளியைப் பாத்திரம் கழுவச் சொல்ற வீட்டையும் நான் பார்த்ததில்லை. போய் நாள் குறிச்சுக்கிட்டு வாங்கம்மா. ரெண்டு கண்ணுக்கும்."

டிரைவரம்மா அழுதாள். இந்தத் தடவை மறைக்கவில்லை. சம்பந்தியம்மாவும் அழுதாள். மீசைக்காரர் குழந்தைக் கவுனைக் கையில் வைத்துக்கொண்டு, என் சட்டை எப்போது கிடைக்கும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் எந்த ஸ்டாப் என்று டிரைவரம்மாவுக்குத் தெரியும். கையை நீட்டி எடுத்துக் கொடுத்தாள். சம்பந்தியம்மா அதைப் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

அந்தக் கரை ஆஸ்பத்திரியில் அதே சின்ன வயது டாக்டர், வந்து சேர்ந்துவிட்டீர்களா என்று சிரித்து, முதலில் ஒரு கண்ணும் சில வாரம் கழித்து மறு கண்ணும் செய்தாள். சொட்டு மருந்து போடும் பொறுப்பைச் சம்பந்தியம்மா எடுத்துக்கொண்டாள். தலையை ஆட்டாதீங்க, கண்ணைக் கசக்காதீங்க, குனியாதீங்க என்று வாய் ஓயாமல் திட்டு. ஒத்திகையே தேவைப்படவில்லை. இரண்டாவது கண்ணின் கட்டைப் பிரித்த அன்று டிரைவரம்மா முதலில் பார்த்தது சம்பந்தியம்மாவின் முகத்தைத்தான். உங்கள் முகத்தில் இவ்வளவு சுருக்கமா, இத்தனை நாள் தெரியவே இல்லையே என்றாள். முதலில் கண்ணாடியில் போய்ப் பாருங்கள் என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கண் பரிசோதனையில் தேறி, வருஷம் முடிவதற்குள் அவள் தன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது அதற்கு ஒரு ஹாரன் அடித்தாள். சட்டம் மட்டும் மாறவில்லை. இந்தக் கரைக்காரர்களுக்கு இன்றும் ஒரு கண்தான். மகளுக்கு மாப்பிள்ளை தேடும் இந்தக் கரைக்காரர்கள் இப்போதெல்லாம் பையன் எந்தக் கரை என்றுதான் முதலில் கேட்கிறார்களாம். கண்டக்டர் சொல்வது. அவன் பேச்சில் பாதியைத் தள்ளிவிட வேண்டும்.

அவள் சொந்த வீட்டுக்குத் திரும்பிய நாளில் சம்பந்தியம்மா அதிகம் பேசவில்லை. அவளுடைய சீருடைகளையெல்லாம் மொடமொடவென்று தேய்த்துப் பைக்குள் வைத்தாள். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் டிரைவரம்மாவும் ஒழுங்காக விடைபெறவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினாள்.

அடுத்த விடுமுறைக்குப் பாலம் தாண்டி வந்தாள். கொடிகளுக்குக் கீழே குனிந்து, சட்டைக் கைகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தால், கண்ணாடி அலமாரி திறந்திருந்தது. சம்பந்தியம்மா வாங்க வாங்க என்று நீலப்பூக் கோப்பையைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். இப்போதுதான் எல்லாம் நன்றாகத் தெரிகிறதே, கோப்பைப் பூவின் ஒவ்வொரு இதழும் டிரைவரம்மாவுக்குத் தெரிந்தது.

"என்னைக்கு நான் விருந்தாளி ஆனேன்?" என்றாள்.

இப்போது நீங்கள் எங்கள் கரைக்காரர் இல்லையே, அதனால்தான் என்று சம்பந்தியம்மா தடுமாறினாள். அவள் முகத்திலும் அந்தப் பழைய சிரிப்பு வரப் பார்த்தது. டிரைவரம்மா அதை வரவிடவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். விளக்கைப் போட்டாள். தேடாமல் சரியான கதவைத் திறந்து, விளிம்பு நெளிந்த டம்ளர் ஒன்றை எடுத்து டீயை அதில் ஊற்றினாள். கோப்பையைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். யாராவது ஆய்வாளர் வந்தால் கேளுங்கள், தருகிறேன் என்றாள்.

சம்பந்தியம்மா கதவில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு போய், குரல் சலவைக் கடைக் குரலாகிவிட்டது.

"அது என் டம்ளர். உங்களோடது தொட்டியில கிடக்கு. அன்னிக்குப் பாதி டீயோட வச்சுட்டு ஓடினீங்களே, அப்படியேதான் வச்சிருக்கேன். யாரும் தொடலை. கழுவிட்டுக் குடிங்க."

டிரைவரம்மா போய்க் கழுவினாள்.